பாட்டிலின் விலையை வைத்து நிலத்தை வாங்கலாமா?

வாசகர் கேள்வி: பணி ஓய்வின்போது வந்த தொகையின் பெரும்பகுதி இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. என் நீண்டநாள் நண்பர் ஒருவர், பன்னிரண்டு பேர் சேர்ந்து 8 ஹெக்டேர் நிலம் வாங்கி, ஒயினுக்கான திராட்சை நட்டு, சொந்தமாக ஒயின் தயாரித்து விற்கலாம் என்று அழைக்கிறார். அவர் தந்த திட்ட அறிக்கையை இணைத்துள்ளேன். மண்ணும் தட்பவெப்பமும் புகழ்பெற்ற ஒயின் வட்டாரங்களுக்கு நிகரானவை என்பதால் நல்ல விலை கிடைக்கும், நான்காம் ஆண்டிலிருந்து லாபம் வரும், விற்காத பாட்டில்களும் வயது ஏற ஏற மதிப்புக் கூடும் என்கிறது அறிக்கை. விலை உயர்ந்த ஒயின் உண்மையிலேயே தரத்திலும் உயர்ந்ததுதானா? இந்த முதலீட்டில் நான் இறங்கலாமா?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தையும் அறிக்கையின் இருபத்திரண்டு பக்கங்களையும் படித்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த அறிக்கையை மட்டும் நம்பிப் பணம் போட வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் நண்பரின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அறிக்கையின் நான்காம் பக்கத்தில் அவர் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். மற்றப் பக்கங்கள் எல்லாம் அந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கின்றன. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

8 ஹெக்டேர், ஹெக்டேருக்கு 6,000 பாட்டில், ஆக 48,000 பாட்டில், பாட்டில் ஒன்றுக்கு 40 என்ற விலையில் ஆண்டு வருமானம் 19,20,000. நாணயத்தின் பெயரை விட்டுவிட்டு எண்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஹெக்டேருக்கு 6,000 பாட்டில் என்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 4,500 லிட்டர் ஒயினை 750 மில்லி பாட்டில்களில் அடைத்தால் அதுதான் வரும். பிரான்சின் புகழ்பெற்ற ஒயின் வட்டாரமான போர்டோவின் நல்ல தோட்டங்கள் பலவற்றின் மகசூலும் அந்த அளவில்தான் இருக்கிறது. அங்கே மெதோக் பகுதியில் ஹெக்டேருக்குப் பத்தாயிரம் கொடிகள் வரை நெருக்கி நடுகிறார்கள் என்பதால், ஒரு கொடி ஓராண்டு முழுவதும் உழைத்து ஒரு பாட்டிலைக்கூட முழுதாக நிரப்புவதில்லை. இடிப்பது 40 என்ற எண்தான். அது எங்கிருந்து வந்தது என்பதற்கு அறிக்கையில் ஒரு வரி விளக்கம்கூட இல்லை. புகழ்பெற்ற வட்டாரங்களின் கடை விலையைப் பார்த்து, அதில் பாதியாவது நமக்குக் கிடைக்காதா என்று எழுதியதாகத்தான் தெரிகிறது.

முதலாவதாக, கடையில் வாடிக்கையாளர் கொடுக்கும் விலை தோட்டக்காரரின் கைக்கு வருவதில்லை. வரி, கடைக்காரரின் பங்கு, விநியோகஸ்தரின் பங்கு, போக்குவரத்து எல்லாம் போக, தயாரித்தவருக்குப் பாதிகூட மிஞ்சாத நிலைதான் இத்தொழிலில் பெரும்பாலும் காணப்படுகிறது. 18 மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால், 19,20,000 என்பது 8,64,000 ஆகச் சுருங்கிவிடுகிறது. தோட்டத்துக்கு வருகிறவர்களிடமே நேரடியாக விற்கும் சிறு ஆலைகள் இந்தச் சுருக்கத்திலிருந்து ஓரளவு தப்புகின்றன என்பது உண்மைதான். ஆனால் ஆண்டுக்கு 48,000 பாட்டிலை அப்படி வாசலில் வைத்தே விற்பதற்கு எத்தனை பேர் தேடி வர வேண்டும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, உங்கள் கேள்வியின் மையமே அதுதான்: ஒயினின் விலை எதனால் உயர்கிறது? தயாரிப்புச் செலவால் அல்ல. புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய் ஒன்று 225 லிட்டர் பிடிக்கும். அதாவது சரியாக 300 பாட்டில். அதன் விலை ஆயிரம் யூரோவை ஒட்டி இருப்பதால், ஒவ்வோர் ஆண்டும் பழைய பீப்பாயைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்கும் ஆடம்பரமான ஆலைக்குக்கூடப் பாட்டிலுக்குக் கூடுவது மூன்று யூரோ சொச்சம்தான். ஒரு பாட்டிலுக்குத் தேவைப்படும் திராட்சை ஏறக்குறைய ஒரு கிலோ, மிஞ்சினால் அதைவிடச் சற்று அதிகம். கவாத்து, பழங்களைக் கையால் பறித்துத் தரம் பிரிப்பது, கண்ணாடி, தக்கை, லேபிள் என்று எல்லாவற்றுக்கும் தாராளமாகச் செலவழித்தாலும், நிலத்தின் விலையைச் சேர்க்காமல் பார்த்தால், ஒரு பாட்டிலின் அடக்கச் செலவை இருபது யூரோவுக்கு மேல் கொண்டுபோவது கடினம். அப்படியிருக்க ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் விற்கும் பாட்டில்களில் மீதிப் பணம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்றால், அது அந்தத் தோட்டத்தின் பெயருக்கும், அந்தப் பெயரில் இவ்வளவுதான் கிடைக்கும் என்ற தட்டுப்பாட்டுக்கும்தான்.

தரத்துக்கு இதில் பங்கே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் நாம் எதிர்பார்க்கும் வழியில் இல்லை. விலை தெரியாமல் சுவைத்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மதிப்பீடுகளை வைத்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி இல்லாத சாதாரண மக்கள் விலை உயர்ந்த ஒயினைக் கூடுதலாக விரும்பவில்லை. சற்றுக் குறைவாகவே விரும்பினார்கள். ஒயின் பயிற்சி பெற்றவர்களுக்குத்தான் விலைக்கும் விருப்பத்துக்கும் ஓரளவு தொடர்பு தெரிந்தது. அதே ஆண்டு ஹில்கே பிளாஸ்மனும் அவருடைய சகாக்களும் ஒரே ஒயினை ஒரு முறை 10 டாலர் என்றும் மறுமுறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்து, குடித்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 90 டாலர் என்று சொன்னபோது பங்கேற்றவர்கள் கூடுதல் இன்பமாக இருந்ததாகச் சொன்னதோடு நிற்கவில்லை. இன்ப உணர்வோடு தொடர்புடைய மூளைப் பகுதியும் கூடுதலாகச் செயல்பட்டது. விலையே சுவையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. மற்றப் பொருள்களில் தரம் விலையைத் தீர்மானிக்கும் என்று நம்புகிறோம். இங்கே விலையும் திரும்பி வந்து தரத்தைத் தீர்மானிக்கிறது.

நிபுணர்களின் நிலையும் அவ்வளவு உறுதியானதல்ல. கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் நடுவர்களுக்குத் தெரியாமல் ஒரே பாட்டிலின் ஒயினை மூன்று முறை கொடுத்துப் பார்த்தார். மூன்று முறையும் ஏறத்தாழ ஒரே பதக்க நிலைக்குள் மதிப்பெண் போட்டவர்கள் பத்து சதவீதம் அளவுக்கே இருந்தார்கள். இதைப் படித்து நான் சிரிக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தின் நிலவறையில், ஒரே பீப்பாயிலிருந்து எடுத்த ஒயினை இரண்டு கிண்ணங்களில் ஊற்றி என் முன் வைத்தார்கள். இரண்டாவது கிண்ணத்தின் ஆழத்தையும் நீண்ட பின்சுவையையும் பற்றி நான் அரைப் பக்கம் குறிப்பெழுதிவிட்டு நிமிர்ந்தபோது, பீப்பாயைத் திறந்த பெரியவர் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். அந்தக் குறிப்பேட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

இதனால் ஒயினில் தரம் என்பதே கற்பனை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஒரே தோட்டத்தின் வெவ்வேறு ஆண்டுகளை எடுத்துக்கொண்டால், தர வேறுபாடு மிகத் தெளிவாக இருப்பதோடு, அதன் காரணத்தையும் எண்ணில் காட்ட முடிகிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் ஆர்லி ஆஷன்ஃபெல்டர், 1952 முதல் 1980 வரையான போர்டோ ஒயின்களின் ஏல விலையை அந்தந்த ஆண்டின் வானிலையோடு ஒப்பிட்டார். கொடி வளரும் மாதங்களில் வெயில் அதிகம், அதற்கு முந்தைய குளிர்காலத்தில் மழை நிறைய, அறுவடைக்கு முன்னான ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மழை குறைவு, இவற்றோடு ஒயினின் வயது. இந்த நான்கைக் கொண்டே ஆண்டுக்கு ஆண்டு ஏற்பட்ட விலை வேறுபாட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் விளக்கிவிடலாம் என்று காட்டினார். யாரும் ஒரு துளிகூடச் சுவைக்காமல், வெப்பமானியையும் மழைமானியையும் வைத்துச் சொன்ன முடிவு என்பதால் ஒயின் விமரிசகர்களுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை.

முதலீட்டாளராக நீங்கள் இதில் கவனிக்க வேண்டியது வேறு. வானிலை ஒரே வட்டாரத்தின் எல்லாத் தோட்டங்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். 1961 நல்ல ஆண்டு என்றால் அது பெரிய தோட்டத்துக்கும் பக்கத்துச் சிறு தோட்டத்துக்கும் நல்ல ஆண்டுதான். ஆண்டுக்கு ஆண்டு விலை ஏறி இறங்குவதை வானிலை விளக்குகிறது. ஒரு வேலிக்கு இந்தப் பக்கம் பத்து மடங்கு விலையும் அந்தப் பக்கம் சாதாரண விலையும் ஏன் என்பதை அது விளக்குவதில்லை. அதை விளக்குவது பெயரும் தரவரிசையும்.

போர்டோவின் புகழ்பெற்ற தரவரிசை 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காகத் தரகர்கள் எழுதிக் கொடுத்தது. அவர்கள் அதற்காகச் சுவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அதுவரை எந்தத் தோட்டத்து ஒயின் என்ன விலைக்குப் போனது என்ற தங்கள் பேரேட்டைப் பார்த்தே வரிசைப்படுத்தினார்கள். அதற்குப் பிறகு உச்ச வரிசையில் நடந்த குறிப்பிடத்தக்க மாற்றம் ஒன்றே ஒன்று: 1973இல் மூத்தோன் ரோத்ஷில்ட் என்ற தோட்டம் முதல் வரிசைக்கு ஏறியது. இன்னொரு நுட்பமும் இருக்கிறது. அங்கே தரவரிசை தோட்டத்தின் பெயருக்குத்தான், குறிப்பிட்ட மண்ணுக்கு இல்லை. தன் வட்டாரத்துக்குள் பக்கத்து நிலத்தை வாங்கிச் சேர்த்துக்கொண்டால், நேற்றுவரை சாதாரணமாக இருந்த அந்த மண்ணின் திராட்சை இன்று உயர்ந்த லேபிளின் கீழ் போகலாம். பிரான்சின் மற்றொரு ஒயின் வட்டாரமான பர்கண்டியில் இதற்கு நேர்மாறாகத் தரவரிசை துண்டு நிலத்தோடு ஒட்டியது. அங்கேயும் குளோ த வூஜோ என்ற மதில் சூழ்ந்த ஒரே தோட்டத்தைப் பாருங்கள்: ஏறக்குறைய 50 ஹெக்டேர், சுமார் 80 உரிமையாளர்கள், அனைவருக்கும் ஒரே உச்சத் தரவரிசை, ஆனாலும் லேபிளின் அடியில் சிறிய எழுத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்து விலை பல மடங்கு வேறுபடுகிறது.

ஒரு விமரிசகரின் பெயருக்கே எவ்வளவு விலை உண்டு என்பதைக்கூட அளந்திருக்கிறார்கள். போர்டோவில் ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே முன்விலை நிர்ணயித்து விற்பது வழக்கம். அமெரிக்க ஒயின் விமரிசகர் ராபர்ட் பார்க்கர் அந்நாளில் வசந்த காலத்தில் வந்து சுவைத்து மதிப்பெண் போட்ட பின்பே தோட்டங்கள் விலை அறிவித்துவந்தன. 2003 வசந்தத்தில் ஈராக் போர் காரணமாக அவர் வரவில்லை. அவருடைய மதிப்பெண் இல்லாமலே விலை அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டையும் மற்ற ஆண்டுகளையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், பார்க்கரின் மதிப்பெண்ணால் பாட்டிலுக்குச் சராசரியாக 2.80 யூரோ கூடியிருந்தது என்று கணக்கிட்டார்கள். புதிய பீப்பாய்க்கு ஆகும் செலவும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதை இங்கே நினைவுபடுத்துகிறேன்.

உங்கள் நண்பரின் அறிக்கை மண்ணைப் பற்றி ஆறு பக்கம் பேசுகிறது. சுண்ணாம்பின் அளவு, சரிவின் திசை, நீர் வடியும் வேகம் எல்லாம் இருக்கின்றன. கவனமாகச் செய்த வேலை. ஆனால் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வில்லாமெட் பள்ளத்தாக்கின் தோட்ட விற்பனைகளை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வு, சரிவு, உயரம், மண்வகை போன்ற இயற்கைக் கூறுகள் நிலத்தின் விலையில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை என்றும், எந்த உள்வட்டாரத்தின் பெயரை லேபிளில் போட்டுக்கொள்ளும் உரிமை அந்த நிலத்துக்கு உண்டு என்பதே விலையை வலுவாகத் தீர்மானித்தது என்றும் கண்டது. போர்டோவின் ஓ மெதோக் பகுதியில் நூறு தோட்டங்களை ஆராய்ந்த மற்றோர் ஆய்வோ, மண்ணைவிட ரகத் தேர்வு, பறிக்கும் முறை, நொதிக்க வைக்கும் முறை போன்ற மனித முடிவுகளே தரத்தை விளக்குகின்றன என்றது. நல்ல மண் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நல்ல மண் உலகில் நிறைய இருக்கிறது; அரிதாக இருப்பது பெயர். அறிக்கை மலிவானதை ஆறு பக்கம் விவரித்துவிட்டு, அரிதானதைக் கணக்கில் இலவசமாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

இப்போது காலத்துக்கு வருகிறேன். நான்காம் ஆண்டிலிருந்து லாபம் என்பது கொடியின் இயல்பை மறந்த கணக்கு. ஒட்டுக்கன்றுகளை நட்டு, கம்பிப் பந்தலில் ஏற்றி, முதல் இரண்டு ஆண்டுகள் காய்க்க விடாமல் வேரையும் தண்டையும் தேற்ற வேண்டும். மூன்றாம் ஆண்டில் கொஞ்சம் காய்க்கும். முழுமையான மகசூல் ஐந்தாம் ஆண்டையொட்டித்தான். நல்ல சிவப்பு ஒயின் அதன்பின் ஒன்றரை ஆண்டு பீப்பாயிலும், சில மாதங்கள் பாட்டிலிலும் இருக்கும். ஆக, ஐந்தாம் ஆண்டு அறுவடையின் பணம் ஏழாம் ஆண்டில் கைக்கு வரும். எட்டு சதவீதத் தள்ளுபடி விகிதத்தில் (அதாவது, தாமதமாக வரும் பணத்தின் மதிப்பை ஆண்டுக்கு அந்த விகிதத்தில் குறைத்துப் பார்த்தால்), நான்காம் ஆண்டில் வரும் 100 இன்றைய மதிப்பில் 73க்குச் சற்று மேல்; ஏழாம் ஆண்டில் வரும் அதே 100 வெறும் 58. மூன்று ஆண்டுத் தாமதம் மட்டுமே திட்டத்தின் மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. அதோடு, முந்தைய ஆண்டு ஒயின் விற்று முடிவதற்குள் அடுத்த ஆண்டின் ஒயின் பீப்பாய்க்கு வந்துவிடுவதால், எந்த நேரத்திலும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு விளைச்சல் உங்கள் நிலவறையில் பணமாகாமல் கிடக்கும். இந்த நடைமுறை மூலதனத்துக்கு அறிக்கையில் ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை. பங்குதாரர்களிடம் இரண்டாம் தவணை கேட்டு வரப்போகும் கடிதம் இந்த ஓட்டையிலிருந்துதான் புறப்படும்.

இத்தனை நீண்ட காத்திருப்பு இன்னொரு வம்பையும் கூட்டி வருகிறது. விலை நன்றாக இருக்கும்போது எல்லாரும் நடுகிறார்கள். அவை காய்க்கும்போது எல்லாருடையதும் ஒன்றாகச் சந்தைக்கு வருகிறது. 1990களில் ஏற்றுமதி பெருகி வரிச்சலுகையும் சேர்ந்தபோது ஆஸ்திரேலியாவில் இப்படித்தான் நட்டுத் தள்ளினார்கள். அடுத்த பத்தாண்டில் வாங்க ஆளில்லாமல் பழம் கொடியிலேயே கிடந்தது. இது புதிய நோயும் அல்ல. கி.பி. 92இல் ரோமப் பேரரசர் டொமிஷியன், மாகாணங்களில் உள்ள கொடிகளில் பாதியைப் பிடுங்கிப்போட ஆணையிட்டார் என்று வரலாறு சொல்கிறது. நம் காலத்தில் அந்த வேலையை மானியம் கொடுத்துச் செய்கிறார்கள்: 2023இல் போர்டோவில் சுமார் 9,500 ஹெக்டேர் கொடிகளை அகற்ற, ஹெக்டேருக்கு 6,000 யூரோ என்று திட்டம் அறிவிக்கப்பட்டது. முதல் வரிசைத் தோட்டங்களான லாஃபீத்தும் மூத்தோனும் இருக்கும் அதே போர்டோவில்தான் இது. போர்டோ என்ற பொதுப் பெயரை மட்டும் லேபிளில் வைத்திருப்பவர், நட்ட கொடியைப் பிடுங்குவதற்கு இழப்பீடு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகும், அதுவே போதுமான பாதுகாப்பு என்றும் அறிக்கை சொல்கிறது. பெயர் பெற்ற இடங்களில் நில விலை ஏறியிருப்பது மெய்தான். ஆனால் அந்த விலையில் வாங்குகிறவருக்கு என்ன மிஞ்சுகிறது? ஷாம்பெயின் வட்டாரத்தில் ஒரு ஹெக்டேரின் சராசரி விலை பத்து லட்சம் யூரோவுக்கு மேல். அதில் பத்தாயிரம் கிலோ திராட்சை எடுத்து, கிலோ ஆறு ஏழு யூரோவுக்கு விற்றால் மொத்த வரவே அறுபது எழுபதாயிரம் யூரோதான். ஆள்கூலி, மருந்து, எந்திரம் எல்லாம் போனபின் மிஞ்சுவது நிலத்தின் விலையில் சில சதவீதம். அங்கே நிலம் வாங்குகிறவர்களில் பலர் வருமானத்துக்காக வாங்குவதில்லை. வாரிசுக்காக, கௌரவத்துக்காக, ஏற்கெனவே உள்ள பெரிய பெயரின் மூலப்பொருளைக் கைநழுவ விடாமலிருப்பதற்காக வாங்குகிறார்கள். அவர்களோடு நீங்கள் போட்டியிட முடியாது. பெயரில்லாத இடத்து நிலமோ சாதாரண விளைநிலமாகவே விலைபோகும். நட்ட கொடி, பந்தல், ஆலைக் கட்டடம் ஆகியவற்றில் போட்ட பணம் அந்த விலையில் திரும்பி வராது.

வானிலையால் வரும் இடர் தனி. 2021 ஏப்ரலில் பிரான்சில் துளிர் விட்டிருந்த கொடிகளை உறைபனி தாக்கியபோது, விவசாயிகள் இரவு முழுவதும் வரிசைகளுக்கிடையே நூற்றுக்கணக்கான மெழுகு விளக்குகளை ஏற்றிவைத்து, பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிய வெப்பநிலையை இரண்டு மூன்று பாகை உயர்த்தப் போராடினார்கள். படத்தில் பார்க்க அழகாக இருந்தது. பல தோட்டங்களில் அந்த ஆண்டுப் பயிரின் பெரும்பகுதி போய்விட்டது. வானம் கருணை காட்டினாலும் அரசுகள் காட்டும் என்பதற்கு உறுதியில்லை: சீனா ஆஸ்திரேலிய ஒயினுக்கு 218 சதவீதம் வரை விதித்த வரி 2021இலிருந்து 2024 மார்ச் வரை நீடித்து, ஒரே வாங்குபவரை நம்பியிருந்த தோட்டங்களை நிலைகுலைய வைத்தது. வெறும் 8 ஹெக்டேர், ஒரே இடம், ஒரே பயிர் என்ற திட்டத்தில் இந்த இடர்களைப் பகிர்ந்துகொள்ள வழியே இல்லை.

விற்காத பாட்டில் வயது ஏற ஏற மதிப்புக் கூடும் என்ற வாதம் மிகச் சில ஒயின்களுக்கே பொருந்தும். பர்கண்டியின் ரோமனே-கோந்தி தோட்டத்தின் 1945ஆம் ஆண்டுப் பாட்டில் ஒன்று 2018இல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போனது. ஆனால் அந்த ஆண்டு அங்கே தயாரானதே சுமார் 600 பாட்டில். அதன்பின் பழைய கொடிகள் பிடுங்கப்பட்டு, 1952 வரை அந்தப் பெயரில் ஒயினே வரவில்லை. அத்தகைய பெயர்களிலும் சராசரி லாபம் அடக்கமானதுதான். போர்டோவின் ஐந்து முதல்வரிசைத் தோட்டங்களின் விலையை 1900 முதல் 2012 வரை தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு, சேமிப்பு, காப்பீட்டுச் செலவுகள் போக ஆண்டுக்கு 4.1 சதவீத உண்மை வருவாய் (பணவீக்கத்தைக் கழித்தபின் மிஞ்சுவது) என்று கணக்கிட்டது. அதே காலத்தில் பங்குச் சந்தை அதைவிட அதிகம் தந்தது. ஆஷன்ஃபெல்டரின் கணக்கிலோ வயது கூடுவதால் மட்டும் வரும் உயர்வு ஆண்டுக்கு இரண்டரை சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. இடையில் குமிழிகளும் உண்டு: 2008இல் ஹாங்காங் ஒயின் வரியை நீக்கியபின் லாஃபீத் விலை தாறுமாறாக ஏறி, 2011இல் சரிந்தது. போலிகளும் உண்டு: அரிய பழைய ஒயின் என்று தன் வீட்டுச் சமையலறையில் கலந்து அடைத்து விற்ற ரூடி குர்னியவானுக்கு 2014இல் பத்தாண்டுச் சிறை கிடைத்தது. பெயரில்லாத புதிய ஆலையின் பழைய பாட்டிலுக்கு ஏலத்தில் இடமே கிடையாது. பெரும்பாலான ஒயின் சில ஆண்டுகளுக்குள் குடிக்கவே தயாரிக்கப்படுகிறது. அதை வைத்திருந்தால் கூடுவது வயது மட்டும்தான்.

உங்கள் நண்பருக்கு இதில் உண்மையான ஆர்வம் இருந்தால், கணக்கைத் தலைகீழாகத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். நிலமும் வேண்டாம், கொடியும் வேண்டாம். முதல் மூன்று ஆண்டுகள் நல்ல தோட்டங்களிலிருந்து திராட்சையை விலைக்கு வாங்கி, ஏற்கெனவே இயங்கும் ஆலை ஒன்றில் கட்டணம் கொடுத்து ஒயின் தயாரித்து, தங்கள் லேபிளில் ஐயாயிரம் பாட்டில் விற்றுப் பார்க்கட்டும். பர்கண்டியில் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் முறைதான் இது. ஐயாயிரம் பாட்டிலை 40 என்ற விலையில் தள்ளுபடியில்லாமல் விற்க முடிந்தால், இல்லாத பொருளாக இருந்த பெயர் கையில் வந்துவிட்டது என்று பொருள்; அப்போது நிலம் வாங்குவது பற்றிப் பேசலாம். 15க்குத்தான் போகிறது என்றால், 8 ஹெக்டேரை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது சிறிய செலவில் தெரிந்துவிடும். இந்தச் சோதனைக்கு உங்கள் தொகையில் ஒரு சிறு பகுதியை, முழுவதும் போனாலும் மாதச் செலவு தடைபடாத அளவில் கொடுப்பதை நான் தடுக்க மாட்டேன்.

அவர் இதற்கு இணங்காமல் நிலத்திலேயே தொடங்குவேன் என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் பங்குதாரர் ஒப்பந்தத்தின் வரைவைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் அனுப்பிய அறிக்கையில் 19ஆம் பக்கத்தில், மற்றப் பங்குதாரர்கள் அனைவரும் சம்மதித்தால் மட்டுமே பங்கை வெளியாருக்கு விற்கலாம் என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. நீங்களோ உங்கள் வாரிசோ ஆறாம் ஆண்டில், அதாவது முதல் முழு அறுவடை இன்னும் பீப்பாயில் கிடக்கும்போது, விலக விரும்பினால் அந்தப் பங்கை யார் வாங்குவார், எந்த முறையில் மதிப்பிடுவார், எத்தனை மாதத்துக்குள் பணம் தருவார், இடையில் கூடுதல் மூலதனம் கேட்கப்பட்டு உங்களால் தர இயலாவிட்டால் உங்கள் பங்கு எவ்வளவு குறையும் என்பவை எழுத்தில் வர வேண்டும். அந்த வரைவு வந்ததும் எனக்கு அனுப்பிவையுங்கள். 40க்குப் பதில் 18 என்றும், நான்காம் ஆண்டுக்குப் பதில் ஏழாம் ஆண்டு என்றும் வைத்து நான்காம் பக்கத்தை மறுபடி கணக்கிட்டு, அதோடு சேர்த்து உங்களுக்குத் திருப்பி அனுப்புகிறேன்.